சங்கு ஊதினால் எங்கே போவது

ஷஹீலா மிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் பதுளை பஸ் நிலையம் வரைக்கும் கேட்கும். எங்கள் தனியார் கல்லூரி அதற்கு எதிரே, ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருக்கிறது. நான் அங்கே கணக்கியல் படிப்பிக்கிறேன். பக்கத்து அறையில் அவர் கம்பனிகளுக்கான இடர் முகாமைத்துவம் படிப்பித்தார். நடுவில் இருப்பது பலகைச் சுவர். ஆகவே விரும்பியோ விரும்பாமலோ அவருடைய பாடத்தை நானும் படித்து முடித்திருக்கிறேன்.

படிப்பித்தார் என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். பாடத்தைத்தான் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய கம்பனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வழக்குப் போடுவார்கள். வழக்குப் போட அவர்களிடம் ஆள் இருக்கிறது, தோட்டத்துக் குளக்கட்டுக்கு ஒரு மூட்டை சீமெந்து கொண்டுபோய்ப் பூசத்தான் ஆள் இல்லை.

மிஸ் பசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள். படித்து முடித்ததும் ஒரு காப்புறுதிக் கம்பனியில் சேர்ந்தார். கடை எரிந்தால், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால், லொறி பள்ளத்தில் விழுந்தால் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது வேலை. முடிந்த இடங்களில் எல்லாம் 'தவிர்க்க முடியாத இயற்கை அனர்த்தம்' என்று எழுதச் சொல்வார்களாம். எழுதி எழுதி ஒருநாள் அவருக்கு வெறுத்துப் போய்விட்டது.

"எரிஞ்ச பிறகுதான் சேர் என்னைக் கூப்பிடுவாங்க. எரியிறதுக்கு முந்தி ஒருத்தன் கூப்பிட்டதில்ல," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வேலையை விட்டு, தபால் மூலம் படித்துப் பட்டம் எடுத்து, இங்கே வந்து சேர்ந்தார். கொழும்பிலிருந்து வந்த பாடப்புத்தகத்தில் கப்பல் கவிழ்ந்த கதையும் வங்கிக் கணினியைத் திருடர்கள் உடைத்த கதையும் இருந்தன. பதுளைப் பிள்ளைகளுக்குக் கப்பல் எதற்கு? முதல் நாளே எல்லோரையும் கீழே பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இங்கே ஆளைக் கொல்லக்கூடியது எது, அதைத் தடுக்கவேண்டியவர் யார், அவருக்கு அது தெரியுமா என்று கேட்டார். அடுப்புக்கு அருகில் கேஸ் சிலிண்டர், பின்கதவை மறைத்து மா மூட்டைகள். பேக்கரி முதலாளி முன்ஸிப் நானா ஒரு மாதம் மிஸ்ஸோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மூட்டைகளை இடம் மாற்றினார்.

அவரோடு வெளியே போவது பெரிய தலையிடி. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மணமக்களைப் பார்க்கமாட்டார், இரண்டாவது வாசலைத் தேடுவார். வெலிமடை பஸ்ஸில் பின்கதவுக்குக் குறுக்கே லீக்ஸ் மூட்டை கிடந்தால் கொண்டக்டரோடு ஊர் போய்ச் சேரும்வரை சண்டை. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வேறு யாரோ போல இருப்பேன்.

போன வருஷம், பாடத்தை நிறுத்திய அந்தக் கம்பனி எங்களைத் தேடி வந்தது. நமுனுகுலப் பக்கம் அவர்களுக்கு ஒரு தேயிலைத் தோட்டம். தொழிற்சாலையும், பெண்கள் பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்கும் மடுவமும் ஓடைக்கரையில் இருக்கின்றன. ஓடைக்கு நேர் மேலே தோட்டத்துப் பழைய குளம். அதன் கட்டு கசிகிறது. முந்திய மழைக்காலத்தில் குளம் மேவிப் பாய்ந்து, சேறும் கல்லும் மடுவத்துத் தூண்வரை வந்து நின்றன. அன்று பௌர்ணமி, போயா லீவு. மடுவத்தில் ஒருவரும் இல்லை. அது கம்பனியின் திறமை இல்லை, நாட்காட்டியின் தயவு.

பிறகு கொழும்புத் தலைமை அலுவலகம் ஒரு திட்டம் எழுதியது. குளத்து நீர் கூடினால் காவலாளி தொலைபேசியில் அறிவிப்பான். தொழிற்சாலைச் சங்கு ஊதும். எல்லோரும் எதிர்மலையில் உள்ள பள்ளிக்கூட மைதானத்துக்கு ஏறவேண்டும். இந்தத் திட்டத்தை வைத்து ஒத்திகை நடத்துவதுதான் எங்கள் மாணவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை. தேறினால் சான்றிதழ். அதிலும் ஒருவருக்குக் கம்பனியிலேயே வேலை. எங்கள் கல்லூரி உரிமையாளர் ஸமீம் ஹாஜியார் சந்தோஷத்தில் எல்லோருக்கும் வட்டிலாப்பம் வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஒருவர் ரமேஸ்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பையன். இருபத்திரண்டு வயது, நல்ல மூளை. அவனுடைய அம்மா பாக்கியலெட்சுமி அங்கே கொழுந்து பறிக்கிறார். வீட்டில் சம்பளத்துக்கு வேறு ஆள் இல்லை. அந்த வேலை கிடைத்தால் அம்மாவை மலையிலிருந்து இறக்கிவிடலாம் என்று ரமேஸ் கணக்குப் போட்டிருந்தான்.

ஒத்திகை நாளன்று மாணவர்கள் பள்ளிக்கூட மைதானத்தில் ஆள் எண்ணக் காத்து நின்றார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். காலை பத்து மணிபோல் சங்கு ஊதியது. மலைமுழுக்கப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு கூடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மளமளவென்று, ஒருவர் தப்பாமல் கீழே இறங்கி மடுவத்துக்குப் போய்விட்டார்கள்.

மைதானத்தில் நாங்கள் மட்டும் நின்றோம். மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது.

விஷயம் ஒன்றும் பெரியதில்லை. அந்தத் தோட்டத்தில் சங்கு ஊதுவது காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கும், பிறகு கொழுந்து நிறுக்கவும்தான். மழை வரும்போல் இருந்தாலோ லொறி முந்தி வந்தாலோ நேரத்தோடு ஊதிவிடுவார்கள். பிந்திப் போனால் கொழுந்து நிறுக்கமாட்டார்கள், அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். தாய்க்குத் தாய் அப்படித்தான் அந்த மலையில் வேலை செய்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்தையே எடுத்து, உயிர் தப்ப மேலே ஓடுவதற்கான சத்தம் என்று கொழும்பில் யாரோ குளிர் அறைக்குள் இருந்து எழுதிவிட்டார்கள். மிஸ் அதைப் பார்க்கவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த ரமேஸும் பார்க்கவில்லை.

"உனக்குமா தோணல்ல?" என்று மிஸ் அவனிடம் கத்தினார்.

"சங்கு சத்தம் எங்களுக்குக் காதுல விழாது மிஸ். கால்தான் கேக்கும். ஊதினா கால் கீழ இறங்கிடும். நா அத யோசிக்கவே இல்ல," என்றான் ரமேஸ். அழுகிறமாதிரி இருந்தான்.

நாங்கள் ஓட்டமும் நடையுமாக மடுவத்துக்கு இறங்கினோம். அங்கே பெண்கள் கங்காணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுக்கவும் இல்லை, விடவும் இல்லை, எதற்கு ஊதினீர்கள் என்ற சண்டை. இதற்கிடையில் கம்பனியின் இடர் முகாமையாளர் குமாரசிங்கம் ஒரு கதிரையில் ஏறி நின்று கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பு அலுவலகத்திலிருந்து வந்தவர், நன்றாகப் பேசுவார். எனக்கு முதலில் விளங்கவில்லை. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆள் தவறேல்லை மிஸ்! எவ்வளவு கெதியா வந்திட்டினம் பாருங்கோ."

"வந்தது எங்க? இந்த இடத்த விட்டு ஓடத்தானே சங்கு ஊதினது!"

"அதுக்கென்ன? ஆக்கள் எங்க போகினமோ, அந்த இடத்தை ஒன்றுகூடும் இடமாக்கினால் விஷயம் முடிஞ்சுது. திட்டத்தில ஒரு வரிதானே மாத்தவேணும்."

நான் இதைக் கற்பனை பண்ணி எழுதவில்லை. படித்த மனிதர், கோட்டுப் போட்ட மனிதர், குளத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு இதைச் சொன்னார்.

"தலைக்கு மேல குளம் ஈக்குது, உங்களுக்குக் கண் தெரியாதா?" என்று மிஸ் போட்ட சத்தத்தில் பெண்களின் சண்டை நின்றுவிட்டது.

மிஸ் வேறு வழி சொல்லிப் பார்த்தார். சங்கு வேண்டாம், தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம் என்றார். கோயில் ஒலிபெருக்கியைக் கம்பனித் திட்டத்தில் எழுத முடியாது என்றார்கள். வேறு சத்தம் போடுகிற மணி ஒன்று வாங்கலாம் என்றார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கொழும்பில் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குள் பாதுகாப்புக்கு ஒரு விருது இருக்கிறதாம், அதற்கு இந்த ஒத்திகையை அனுப்பவேண்டும், அவசரம். ஒரு கிழமைக்குள் மடுவத்துத் தூணில் பச்சைப் பலகை அடித்தார்கள். 'பாதுகாப்பாக ஒன்றுகூடும் இடம்' என்று மூன்று மொழியிலும் எழுதி, ஓடுகிற மனிதனின் படமும் போட்டிருந்தது. அவன் எங்கே ஓடுகிறான் என்று நான் அந்தப் பலகையின் முன்னால் நின்று உரத்துக் கேட்டேன். கங்காணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒத்திகை வெற்றி என்று பயிற்சியாளர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் மாணவர்களின் செய்முறைப் பரீட்சை செல்லாது. அதையும் இதையும் வேண்டுமென்றே ஒன்றாகக் கட்டிவைத்தார்கள். மிஸ் மாட்டேன் என்றார். ஸமீம் ஹாஜியார் மேல்மாடிக்கு ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று கெஞ்சினார்.

"பிள்ளைகள்ட முகத்தப் பாருங்க மிஸ். மிப்ரானுக்குக் கட்டார் வேலைக்கு இந்தப் பேப்பர் வேணும். மத்தப் பிள்ளைகளும் காத்துக்கொண்டு ஈக்குறாங்க."

வகுப்பில் மிப்ரான் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டான். "நீங்க கோபப்பட்டு முடிச்சிட்டுப் போயிருவீங்க மிஸ். நஷ்டம் எங்களுக்குத்தான்."

அவனையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிஸ் ரமேஸ் பக்கம் திரும்பினார். அவன் எழுந்து நின்றான்.

"போட்டுருங்க மிஸ்."

"நாளைக்கு அந்தப் பலகைக்குக் கீழ நிக்கப்போறது உன்ட உம்மா. விளங்குதா உனக்கு?"

"அம்மாதான் மிஸ் போடச் சொன்னாங்க. எனக்கு வேல கெடைக்கணுமாம். அவுங்களப் பத்தி யோசிக்க வேணாமாம்."

மிஸ் கையெழுத்துப் போட்டார். பேனாவை மேசையில் எறிந்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் கத்தாமல் இருந்தது எனக்குக் கத்துவதைவிடத் தாங்கமுடியாமல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நமுனுகுல பஸ் ஏறினார். அதற்கு அடுத்த ஞாயிறும் போனார். லயத்து வாசலில் பாக்கியலெட்சுமி போட்ட பலகையில் உட்கார்ந்து, வருகிற பெண்களிடம் ஒரே விஷயத்தைச் சொன்னார். நேரத்துக்குச் சங்கு ஊதினால் மடுவம். நேரம் தப்பி ஊதினால் பள்ளிக்கூடம். முதலில் அவர்களும் அவரை ஏசினார்கள்.

"மழ வருதுன்னு முந்தி ஊதினா என்ன செய்யிறது? நாங்க மேல போயிட்டா அரைப்பேர்தானே? நீங்களா தருவீங்க?" என்று ஒரு பெண் கேட்டார்.

"கொழுந்தக் கொட்டிட்டு எப்புடி மிஸ் ஓடுறது?" என்றார் இன்னொருவர். கொழுந்தை நிலத்தில் கொட்டுவதைவிடப் பிள்ளையைக் கீழே போடலாம் என்பதுபோல் கேட்டார். அப்படித்தான் அவர்களை வேலை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் பேசித் தீர்த்தது பாக்கியலெட்சுமிதான். முந்தி நிறுக்க வேண்டுமென்றால் சங்கு ஊதாமல் மலைக்கு வந்து வாயால் கூப்பிட வேண்டும் என்று கங்காணியோடு ஒப்பந்தம் செய்தார். கங்காணியின் மனைவியும் அதே மலையில்தான் கொழுந்து பறிக்கிறாள் என்பதால் அவரும் சம்மதித்தார். தோட்டத்தை நடத்தும் துரைக்கோ கம்பனிக்கோ இது தெரியாது. பிறகு ஞாயிறுகளில் பெண்கள் வெறுங்கூடையோடு எதிர்மலைக்கு ஏறிப் பழகினார்கள். ஏறி முடிந்ததும் ஒருவர் ஆள் எண்ண வேண்டும். எண்ணி முடியும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது. காணாமல் போன ஆளைத் தேடி ஒருத்தி கீழே ஓடினால், அவளைத் தேடி இன்னொருத்தி ஓடுவாள், அப்படித்தான் கூட்டமாகச் சாகிறார்கள் என்று மிஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். எண்ணுகிற வேலை பாக்கியலெட்சுமிக்கு.

ரமேஸுக்குக் கம்பனியில் வேலை கிடைத்தது. குமாரசிங்கத்துக்குக் கீழ் இடர் உதவியாளன், கழுத்தில் அட்டை. அம்மா மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. முதல் சம்பளங்களில் லயத்துக் கூரையைத் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து விருதுக்கான நடுவர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். முதல் நாள் பெரட்டிலேயே பெண்களுக்கு அறிவித்தார்கள். நாளைக்குப் பத்து மணிக்குச் சங்கு ஊதும், எல்லோரும் நல்ல சீலையாக உடுத்திக்கொண்டு மடுவத்துக்கு வரவேண்டும், பணிசும் தேத்தண்ணியும் உண்டு. சங்கை ஊதச் சொல்லும் பொறுப்பை ரமேஸிடமே கொடுத்தார்கள். அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய், ஒரே ஒரு நாள்தானே, கீழே வந்துவிடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டானாம். இதையெல்லாம் பிறகு அவனே எனக்குச் சொன்னான்.

"ஒரு நாள் எறங்கினா கால் பழைய மாதிரிப் பழகிடும்டா. பொறவு தண்ணி வர்ற அன்னைக்கு அது எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?" என்று பாக்கியலெட்சுமி கேட்டிருக்கிறார்.

"என் வேல போயிடும்மா."

அவர் சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, லயத்தின் அடுத்த காம்பரா வீடுகளுக்குப் பேசப் போய்விட்டாராம்.

அடுத்த நாள் பத்து மணிக்கு நான் என் வகுப்பில் ஐந்தொகை போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் தொலைபேசி அடித்தது. பாடம் நடக்கும்போது யார் கூப்பிட்டாலும் மிஸ் ஸ்பீக்கரில் போடுவார், மறைக்க ஒன்றுமில்லை என்பது அவருடைய கொள்கை. குமாரசிங்கத்தின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நல்ல பேச்செல்லாம் போய், மனிதர் கீச்சிட்டார்.

"என்ன மிஸ் செய்து வைச்சிருக்கிறியள்? நடுவர்மார் மடுவத்தில நிக்கினம். சங்கு ஊதி இவ்வளவு நேரமாகுது. ஒரு ஆள் வரேல்லை!"

சோக்கட்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து அடுத்த வகுப்பு வாசலுக்குப் போனேன்.

"திரும்பச் சொல்லுங்க," என்றார் மிஸ்.

"ஒரு ஆள் வரேல்லை எண்டு சொல்லுறன்! முழுப்பேரும் எதிர்மலையில ஏறி நிக்கினம். இஞ்சயிருந்து பாக்க நல்லாத் தெரியுது. நீங்கள்தானே மடுவம் சரியெண்டு கையெழுத்து வைச்சனீங்கள்? உங்கட பயிற்சி முழுத் தோல்வி எண்டு அறிக்கை எழுதுறன். இனி உங்கட கல்லூரியோட எங்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை. உந்த ரமேஸும் நாளையிலிருந்து வேலைக்கு வரத் தேவையில்லை. எங்க போயிட்டினம் எண்டு நடுவர்மார் அவனைக் கேட்டினம். 'போகவேண்டிய இடத்துக்குப் போயிட்டாங்க' எண்டு சொல்லுறான், விசரன்!"

"ஒருத்தருமே கீழ வரல்லயா?" மிஸ் விடவில்லை.

"இல்லை! இல்லை! இல்லை!"

தொடர்பு அறுந்தது. மாணவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷஹீலா மிஸ் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். துடைக்கவும் இல்லை. அழுதுகொண்டே ரமேஸின் எண்ணை அழுத்தினார்.

"மகன், மன்னிச்சுக்க. உன்ட வேலை..."

"அதை விடுங்க மிஸ்." ரமேஸுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் காற்றுச் சத்தம். "எனக்கும் ஆத்திரமாத்தான் இருக்கு. இப்ப பேச நேரமில்ல, நா மேல ஏறிக்கிட்டு இருக்கேன்."

"ஏன்? என்ன நடந்த?"

"பெரிய தொர ஆள் அனுப்பிட்டாரு, எல்லாரையும் ஒடனே மடுவத்துக்கு எறங்கச் சொல்லி. அம்மா விடமாட்டேங்குறாங்க. கணக்குல ஒரு ஆள் கொறையுதாம். நா கீழ நின்னேன்ல, என்னையும் சேத்து எண்ணியிருக்காங்க. நா போய் நின்னாத்தான் மத்தவங்கள எறங்க விடுவாங்களாம்."